போர்க்கால பிரிட்டனின் வீட்டுக் கடிதங்கள்: குண்டு ஒரு வரி, முட்டை ஒரு பக்கம் ஏன்?

கேள்வி சுருக்கமாக இது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் இருந்த சாதாரண மக்கள் சொந்தபந்தங்களுக்கு எழுதிய கடிதங்களை ஒருவர் படிக்க ஆரம்பித்திருக்கிறார். ஊர் எரிந்துகொண்டிருக்கும்போது முட்டை கிடைக்கவில்லை, வெங்காயத்தைக் கண்ணால் பார்த்தே மாதக்கணக்காகிறது, பூனை சௌக்கியம் என்று எழுதுகிறார்களாம். குண்டு விழுந்த செய்தி ஒரே வரியில் முடிந்துவிடுகிறதாம். இவர்களுக்குப் பயமே இல்லையா, இல்லை மறைக்கிறார்களா, இதையெல்லாம் வரலாற்றுச் சான்றாக நம்பலாமா என்று கேட்கிறார்.

நம்பலாம். ஆனால் ஒரு கடிதத்தைக் கையில் எடுத்ததும் யார் எழுதினார் என்று பார்ப்பதற்கு முன்னால், யாருக்கு எழுதினார் என்று பாருங்கள். பல வருடங்களாக இப்படிப்பட்ட கடிதங்களைப் படித்து வருகிறவன் என்ற முறையில் நான் அழுத்திச் சொல்வது இந்த ஒன்றைத்தான். உங்களுடைய மற்ற கேள்விகளுக்கும் பதில் பெரும்பாலும் இதிலேயே இருக்கிறது.

1941 மே மாதத்தில் ஹல் நகரத்தில் ஒரு பெண்மணி இருந்ததாக வைத்துக்கொள்வோம். கணவன் எகிப்தில், பட்டாளத்தில். அக்கா லீட்ஸில். மகன் போருக்குத் தப்பிக் கனடாவுக்கு அனுப்பப்பட்டவன். அந்த மாதம் ஹல் மீது பயங்கரமான குண்டுவீச்சு நடந்தது. நகரத்தின் வீடுகளில் சேதப்படாதவை சொற்பம். அந்த வாரம் அவர் மூன்று கடிதம் எழுதியிருந்தால் மூன்றும் மூன்று விதமாக இருந்திருக்கும். கணவனுக்கு எழுதியதில், எல்லாரும் நலம், ஜன்னல் கண்ணாடி கொஞ்சம் போய்விட்டது, தக்காளிச் செடி நட்டிருக்கிறேன் என்று இருக்கும். மகனுக்கு எழுதியதில் கண்ணாடி போன செய்தியே இருக்காது. அக்காவுக்கு எழுதியதில்தான் எந்தத் தெரு போயிற்று, யார் போனார்கள், பதுங்குகுழியில் உட்கார்ந்திருந்தபோது கை எப்படி நடுங்கியது என்பதெல்லாம் வரும். மூன்றில் எதுவும் பொய்யில்லை. கணவனுக்கு எழுதிய கடிதம் மட்டும் நம் கைக்கு வந்தால், இந்தப் பெண்ணுக்குப் பயமே கிடையாது என்று நாம் முடிவு கட்டிவிடுவோம்.

இதில் அரசாங்கத்தின் பங்கு எவ்வளவு, மனிதர்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

அரசாங்கத்தின் பங்கு தணிக்கை. போர் தொடங்கியதுமே அஞ்சல் தணிக்கைக்குப் பெரிய ஏற்பாடு செய்தார்கள். லிவர்பூலில் ஒரு பெரிய வணிக நிறுவனத்தின் கட்டடத்தை எடுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்களை உட்காரவைத்துக் கடிதங்களைப் பிரித்துப் படிக்கவைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பிரித்த உறையின் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். தணிக்கையாளர் பிரித்தது என்ற வாசகமும் அவருடைய எண்ணும் அதில் இருக்கும். ஆட்சேபகரமான வரி இருந்தால் கருப்பு மை பூசுவார்கள், இல்லாவிட்டால் பிளேடால் வெட்டி எடுத்துவிடுவார்கள். அப்படி வெட்டிய கடிதத்தைக் கையில் பிடித்தால் பின்பக்கத்து வரியும் சேர்ந்து போயிருப்பது தெரியும். எந்த ஊரில் எந்தக் கட்டடம் சேதம், துறைமுகத்தில் என்ன கப்பல், தொழிற்சாலையில் என்ன தயாராகிறது, இவைதான் அவர்கள் முக்கியமாகத் தேடியவை. வானிலைகூட எதிரிக்குப் போகக்கூடாத தகவல். 1940 ஜனவரியில் இங்கிலாந்தில் அரை நூற்றாண்டு காணாத கடுங்குளிர். தேம்ஸ் நதியே சில இடங்களில் உறைந்தது. பத்திரிகைகளில் அன்றைக்கு அதைப் பற்றி மூச்சு இல்லை.

ஆனால் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பிரித்துப் படித்தது பெரும்பாலும் நாட்டைவிட்டு வெளியே போன, வெளியிலிருந்து உள்ளே வந்த கடிதங்களைத்தான். பிரிட்டனுக்குள்ளேயே ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போன சாதாரணக் கடிதத்தை, சில பாதுகாக்கப்பட்ட பகுதிகளைத் தவிர, பொதுவாகப் பிரிக்கவில்லை. அக்காவுக்கு எழுதிய கடிதம் தாராளமாக இருப்பதற்கு ஒரு காரணம் இது. ஹல் பெயரைச் சொல்லாமல் 'வடகிழக்கில் ஒரு நகரம்' என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தபோது, ஹல்லிலிருந்து லீட்ஸுக்குப் போன கடிதத்தில் தெருப் பெயரே இருந்தது. நான் உள்நாட்டுக் கடிதங்களுக்கு அதிக மதிப்புக் கொடுப்பது இதனால்தான். ஆராய்ச்சிக்கு எடுப்பவர்கள் உறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சீட்டு ஒட்டியிருக்கிறதா இல்லையா என்பதே ஒரு தகவல்.

இப்போது மனிதர்களின் பங்கு. தணிக்கை அதிகாரியைவிடக் கடுமையான தணிக்கை எழுதுகிறவர் மனசுக்குள் இருந்தது. தூர தேசத்தில் போர்முனையில் இருப்பவன் வீட்டுக் கவலையில் வாடக்கூடாது, உற்சாகமாக எழுதுங்கள் என்று பெண்கள் பத்திரிகைகள் திரும்பத் திரும்பச் சொல்லின. அது சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. எழுதுகிற கடிதம் எப்போது போய்ச் சேரும் என்றே தெரியாத காலம் அது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் மத்தியதரைக் கடல் வழி ஆபத்தாகிவிட்டது. எகிப்துக்குப் போக வேண்டிய கடிதம் ஆப்பிரிக்கா முழுவதையும் சுற்றிக்கொண்டு கப்பலில் போக வேண்டும். இரண்டு மூன்று மாதம் சர்வசாதாரணம். காய்ச்சல் என்று எழுதினால், காய்ச்சல் போய்த் தோட்டவேலை பார்க்கிற காலத்தில் அவன் அதைப் படித்துத் தூக்கம் கெடுவான். அதனால் மூன்று மாதம் கழித்துப் படித்தாலும் கெட்டுப்போகாத செய்தியைத்தான் எழுதினார்கள்.

இந்தத் தாமதத்துக்கு 1941-இல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஏர்கிராப் என்று பெயர். கோடாக் நிறுவனத்தின் தொழில்நுட்பம். தபால் ஆபீசில் ஒரு படிவம் கொடுப்பார்கள். மேலே ஒரு கட்டத்தில் முகவரியைக் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும். கீழே ஒரு பக்கம்தான் இடம். பென்சில் கூடாது, நல்ல அடர்த்தியான மையில் எழுத வேண்டும். அதைச் சின்ன ஃபிலிமில் படம்பிடித்து, ஃபிலிம் சுருளை விமானத்தில் அனுப்புவார்கள். மூட்டை மூட்டையாகப் போக வேண்டிய கடிதங்கள் சில அவுன்ஸ் எடையில் அடங்கிவிடும். அந்தப் பக்கத்தில் ஃபிலிமைக் கழுவிச் சின்ன அளவில் அச்சிட்டு, ஜன்னல் வைத்த உறையில் போட்டுக் கொடுப்பார்கள். விமானம் விழுந்தால் திரும்பப் படம்பிடிக்க, மூலப் படிவத்தைப் போய்ச் சேர்ந்த தகவல் வரும்வரை வைத்திருப்பார்கள். போர் முடிவதற்குள் கோடிக்கணக்கில் இப்படிப் போயின. உள்ளங்கை அகலத் தாளில் கையெழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல இருக்கும். வயதானவர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார்கள். அந்தப் படிவம் எத்தனை கைகளைக் கடந்து போகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். ஒட்டிய உறை கிடையாது. தபால்காரர், தணிக்கையாளர், படம் எடுப்பவர், கழுவுகிறவர் எல்லார் கண்ணிலும் படும். அந்தப் பக்கத்தில் எந்த மனைவி மனம்விட்டு எழுதுவாள்? ஏர்கிராப் கடிதங்கள் வறட்சியாக இருப்பதைப் பார்த்து அந்தத் தம்பதிக்குள் ஒட்டுதல் இல்லை என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும்.

சரி, முட்டைக்கு வருவோம்.

பங்கீடு 1940 ஜனவரி 8-ஆம் தேதி தொடங்கியது. முதலில் உப்பிட்ட பன்றியிறைச்சி, வெண்ணெய், சர்க்கரை. மார்ச்சில் இறைச்சி, ஜூலையில் தேயிலை, அப்புறம் பாலாடைக்கட்டி, முட்டை, துணி, சோப்பு, மிட்டாய் என்று ஒவ்வொன்றாகப் பட்டியலில் ஏறியது. பெரியவர் ஒருவருக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ் வெண்ணெய், 2 அவுன்ஸ் தேயிலை, கிட்டத்தட்ட 8 அவுன்ஸ் சர்க்கரை. அளவுகள் அவ்வப்போது ஏறி இறங்கும். முட்டை வாரத்துக்கு ஒன்று, அதுவும் கடைக்கு வந்தால்தான். 1942-இலிருந்து அமெரிக்காவிலிருந்து வந்த முட்டைப் பொடி, ஒரு பொட்டலம் 12 முட்டைக்குச் சமம் என்று கணக்கு. வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் தங்கள் முட்டைப் பங்கை விட்டுக்கொடுத்தால் பதிலுக்குக் கோழித் தீவனம் வாங்கிக்கொள்ளலாம். ஆகவே ஒரு கடிதத்தில் பக்கத்துவீட்டுக்காரரோடு கூட்டுச் சேர்ந்து ஆறு கோழி வாங்கினோம் என்று வந்தால், அதில் ஒரு குடும்பப் பொருளாதாரமே இருக்கிறது. யார் தீவனம் கலப்பது, யாருக்கு எந்த நாள் முட்டை, கோழி முட்டையிடுவதை நிறுத்தினால் என்ன செய்வது என்று வீட்டுக்குள் பெரிய பேச்சுவார்த்தையே நடந்திருக்கும்.

வெங்காயம் பங்கீட்டில் இல்லை. அதனால் பிரச்சினை இன்னும் மோசம். பிரிட்டனுக்கு வெங்காயம் பெரிய அளவில் வந்தது பிரான்சின் பிரிட்டனி பகுதியிலிருந்தும், பிரான்ஸ் கரையை ஒட்டியிருந்தாலும் பிரிட்டிஷ் முடியாட்சியைச் சேர்ந்த சேனல் தீவுகளிலிருந்தும்தான். 1940 கோடையில் இரண்டும் ஜெர்மானியர் கையில் போய்விட்டன. அந்தக் குளிர்காலம் ஒரே ஒரு வெங்காயத்தைப் பரிசாக வைத்துக் குலுக்கல் நடத்தும் அளவுக்குப் போயிற்று. பிரான்ஸ் வீழ்ந்ததன் அர்த்தம் ஒரு இல்லத்தரசிக்குக் குழம்புச் சட்டியில் தெரிந்தது. வாழைப்பழ இறக்குமதி 1940 கடைசியில் நின்றுபோய், 1945 டிசம்பர் 30-ஆம் தேதிதான் ஏவன்மவுத் துறைமுகத்துக்கு மறுபடி ஒரு கப்பல் வந்தது. அந்த ஐந்து வருடத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் வாழைப்பழத்தைப் படத்தில்தான் பார்த்தார்கள்.

தேயிலையைப் பற்றி நம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த 2 அவுன்ஸில் கணிசமான பங்கு இலங்கை மலையகத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் கொய்தது. குண்டு விழுந்த தெருவில் உயிர்தப்பி வந்தவர்களுக்கு முதலில் நீட்டியது ஒரு கோப்பைத் தேநீர் என்று கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும். அந்தக் கோப்பைக்குப் பின்னால் லயத்து வீடுகளில் இருந்தவர்கள் யாருக்கும் அந்தக் கடிதங்களில் பெயர் இல்லை. படிக்கும்போது நாமாவது நினைத்துக்கொள்ளலாம்.

ஆக, முட்டையைப் பற்றி எழுதியவர்கள் போரைவிட்டு வேறு எதையோ எழுதவில்லை. அவர்கள் கை தொட்ட போர் அதுதான். அட்லாண்டிக்கில் நீர்மூழ்கிகள் எத்தனை கப்பலைக் கவிழ்த்தன என்பது அவர்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் எழுதக்கூடாது. கடையில் வரிசை எவ்வளவு நீளம் என்று எழுதலாம். இரண்டும் ஒரே செய்தியின் இரண்டு முனைகள்.

குண்டுவீச்சு ஏன் ஒரு வரி? 1940 செப்டம்பர் 7-ஆம் தேதி தொடங்கி லண்டன் மீது ஏறக்குறைய இரண்டு மாதம் இரவு தவறாமல் குண்டு விழுந்தது. 1941 மே மாதம் வரை நீண்ட அந்தக் காலத்தில் நாடு முழுவதும் இறந்த பொதுமக்கள் 40,000-க்கு மேல். இருபதாவது இரவை எப்படி வர்ணிப்பது? முதல் வாரக் கடிதங்களைப் பாருங்கள், விவரம் கொட்டிக்கிடக்கும். வானம் சிவந்த நிறம், துறைமுகக் கிடங்குகளில் சர்க்கரை எரிந்த வாடை எல்லாம் வரும். அக்டோபர் கடிதங்களில், நேற்று இரவு சத்தம் அதிகம் என்பதோடு சரி. அது தைரியம் என்று சொல்வதைவிட அலுப்பு என்று சொல்வதுதான் பொருத்தம். அந்தக் காலக் கடிதங்களில் பயத்தைவிட அதிகமாக வருவது தூக்கம். தோட்டத்தில் குழி தோண்டி நெளிதகடு வைத்து அமைத்த ஆண்டர்சன் பதுங்குகுழியில் தண்ணீர் ஊறும், ஈரம் எலும்புக்குள் இறங்கும். 1941-இல் வந்த மோரிசன் வகை வீட்டுக்குள் வைப்பது. மேலே இரும்பு மேசை, கீழே கம்பிவலைக் கூண்டு. பகலில் அதன்மேல் சாப்பாடு, இரவில் அதனடியில் படுக்கை. மாதக்கணக்காக உடையை மாற்றாமல் தூங்குகிறவர்கள், காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவர்கள், எப்போது எழுதினார்கள் என்று நினைக்கிறீர்கள்? பல கடிதங்கள் அந்தக் குழிக்குள்ளேயே எழுதப்பட்டவை. நடுவில் அபாயச் சங்கு ஊதிவிட்டது என்று நிற்கும். அடுத்த பத்தி வேறு மையில், மறுநாள் தேதியில் தொடரும். அந்த இடைவெளியில்தான் நீங்கள் தேடும் பயம் இருக்கிறது. அச்சுப் புத்தகத்தில் அது தெரியாது. மூலக் கடிதத்தையோ அதன் படத்தையோ பார்த்தால்தான் தெரியும்.

'அமைதியாக இருங்கள், வேலையைப் பாருங்கள்' என்று கிரீடம் போட்ட சிவப்புச் சுவரொட்டியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இன்று கோப்பையிலும் பனியனிலும் அச்சிட்டு விற்கிறார்கள். அதை 1939-இல் லட்சக்கணக்கில் அச்சடித்தார்கள், ஆனால் பொதுவில் ஒட்டவேயில்லை என்று சொல்லலாம். பெரும்பாலானவை 1940-இல் கூழாக்கப்பட்டன. 2000-ஆம் ஆண்டில் அல்னிக் நகரத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஒரு பிரதி கிடைத்த பிறகுதான் உலகப் பிரசித்தம். போர்க்கால மக்களில் பெரும்பாலோர் அதைப் பார்த்ததே இல்லை. அந்தச் சுவரொட்டியை மனதில் வைத்துக்கொண்டு கடிதங்களைப் படித்தால், இல்லாத கல்நெஞ்சம் இருப்பதாகத் தோன்றும்.

பூனை சௌக்கியம் என்ற வரியையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போர் அறிவித்த முதல் வாரத்தில், குண்டு விழும், தீனி கிடைக்காது என்ற பயத்தில் மக்கள் தாங்களாகவே கொண்டுபோய்க் கொன்ற நாய் பூனைகள் லண்டனில் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம். மருத்துவமனை வாசலில் வரிசை நின்றது. 1941-இல் ஒரு பூனை உயிரோடு இருக்கிறது என்றால், அந்த வீட்டில் யாரோ 1939 செப்டம்பரில் ஒரு முடிவெடுத்து, தன் பங்கு இறைச்சியில் கொஞ்சம் அதற்குப் போட்டுக்கொண்டு வருகிறார் என்று அர்த்தம்.

பிள்ளைகளின் கடிதங்களில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். 1939 செப்டம்பர் 1-ஆம் தேதி தொடங்கி மூன்று நாளில் ஏறக்குறைய 15 லட்சம் பேரை, பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளை, நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு மாற்றினார்கள். எந்த வீட்டில் தங்கப்போகிறோம் என்று பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. போய்ச் சேர்ந்ததும் புது முகவரியை எழுதிப் போட ஒரு தபால் அட்டையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அந்த அட்டைகள் அநேகமாக எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். நல்ல வீடு, நல்லவர்கள், நான் சந்தோஷமாக இருக்கிறேன். பின்னால் நின்று ஆசிரியரோ அந்த வீட்டு அம்மாவோ பார்த்துக்கொண்டிருக்கும்போது ஏழு வயசுப் பிள்ளை வேறு என்ன எழுதும்? சில வீடுகள் உண்மையாகவே நல்ல வீடுகள். சில வீடுகளில் பிள்ளைக்கு அரசு கொடுத்த பணத்தின்மீதுதான் கண். அட்டையை வைத்து எது எது என்று சொல்ல முடியாது. எதிர்பார்த்த குண்டு விழாததால் 1940 தொடக்கத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் வீடு திரும்பிவிட்டார்கள். அம்மாக்கள் அட்டையில் இல்லாததைப் படித்திருக்கிறார்கள்.

கடல் கடந்து போன பிள்ளைகள் வேறு கதை. 1940 கோடையில் அரசே ஒரு வாரியம் அமைத்து 2,600-க்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று அனுப்பியது. செப்டம்பர் 17-ஆம் தேதி இரவு 'சிட்டி ஆஃப் பெனாரஸ்' கப்பல் நடு அட்லாண்டிக்கில் தாக்கப்பட்டு மூழ்கியது. அந்த வாரியம் அனுப்பிய 90 பிள்ளைகளில் 77 பேர் இறந்தார்கள். எட்டு நாள் கழித்து ஒரு படகில் உயிரோடு கிடைத்த ஆறு சிறுவர்களோடு இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்திய மாலுமிகள். அதோடு திட்டம் நின்றது. ஏற்கெனவே போய்விட்ட பிள்ளைகளுக்குப் பெற்றோர் ஐந்து வருடம் கடிதத்திலேயே பெற்றோராக இருந்தார்கள். ஏழு வயதில் போனவன் பன்னிரண்டு வயதில் வேறு உச்சரிப்போடு திரும்பினான். அந்தக் கடிதங்களில் போரே இருக்காது. வாத்து, ரயில், தோட்டத்து முயல். ஒரு தகப்பனுக்குப் பிள்ளையை எந்த வயதில் நிறுத்தி எழுதுவது என்று தெரியாமல் போவதை, வருடவாரியாக அடுக்கிப் படித்தால் பார்க்கலாம்.

என்னைக் கேட்டால், இந்த முழுக் கடிதக் குவியலிலும் மிகச் சிறியவைதான் மிகக் கனமானவை. சேனல் தீவுகளைச் சொல்கிறேன். 1940 ஜூன் கடைசியில் ஜெர்மானியர் வந்து இறங்குவதற்குச் சில நாள் முன்பு, குவெர்ன்சி தீவின் சுமார் 42,000 பேரில் 17,000 பேர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்கள். அதில் ஏறக்குறைய 5,000 பேர் ஆசிரியர்களோடு போன பள்ளிப் பிள்ளைகள். பெற்றோர் பின்னால் வரலாம் என்று இருந்தார்கள், வர முடியவில்லை. அடுத்த ஐந்து வருடம் அந்தப் பிள்ளைகள் ஸ்டாக்போர்ட், பரி, ஓல்டம் போன்ற வடக்கத்தித் தொழில் நகரங்களில் வளர்ந்தார்கள். தீவோடு தபால் தொடர்பு அறுந்துவிட்டது. செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக ஒரு படிவம் அனுப்பலாம். 25 வார்த்தைகள். குடும்ப விஷயம் மட்டும். ஊர்ப் பெயர் கூடாது, போர் கூடாது. பக்கத்திலுள்ள ஆலோசனை நிலையத்தில் போய் எழுதிக்கொடுத்தால், அது தட்டச்சாகி, இங்கிலாந்தின் தணிக்கையைத் தாண்டி, ஜெனீவா போய், ஜெர்மானியரின் தணிக்கையைத் தாண்டித் தீவுக்குப் போகும். பதிலை அதே தாளின் பின்பக்கத்தில், அதுவும் 25 வார்த்தைக்குள் எழுத வேண்டும். போய்வரப் பல மாதம்.

இப்போது நீங்களே ஒரு தாளை எடுத்து, ஒரு வருடமாகப் பார்க்காத மகளுக்கு 25 வார்த்தையில் எழுதிப் பாருங்கள். அன்பும் முத்தமும் ஐந்தாறு வார்த்தையைத் தின்றுவிடும். நலம் விசாரிப்பு நாலைந்து. தாத்தா இறந்த செய்தி ஏழெட்டு. மீதியில் ஒரு கேள்வி கேட்க இடமிருந்தால் அதிர்ஷ்டம். அந்தக் கேள்விக்குப் பதில் வருவதற்குள் அவள் அடுத்த வகுப்புக்குப் போயிருப்பாள். ஊர்ப் பெயரைச் சொல்ல முடியாததால் அந்த ஊரில் இருக்கும் அத்தையின் பெயரைச் சொல்லி, அத்தை வீட்டுப் பக்கம் இருக்கிறேன் என்று உணர்த்தினார்கள். பசி என்று எழுத முடியாததால், உன் பழைய சட்டை இப்போது எனக்குச் சரியாக இருக்கிறது என்பதுபோல எழுதினார்கள். 1944 கோடையில் நேசப்படைகள் பிரான்சை மீட்டதும் தீவுகள் தனியாக மாட்டிக்கொண்டன. இந்தத் தாள்களும் நின்றுபோயின. செஞ்சிலுவையின் 'வேகா' கப்பல் உணவுப் பொட்டலங்களோடு குவெர்ன்சிக்கு வந்தது 1944 டிசம்பர் 27-இல். விடுதலை 1945 மே 9-இல். போர்க்காலத்தில் செஞ்சிலுவைத் தாளுக்காகக் காத்திருந்த வடக்கு கிழக்கு இலங்கைக் குடும்பங்களுக்கு நான் இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

சான்று என்ற கேள்விக்குத் திரும்பி வருகிறேன். பத்திரிகை சொல்லாததைக் கடிதம் சொல்கிற இடங்கள் உண்டு. 1943 மார்ச் 3-ஆம் தேதி கிழக்கு லண்டனில் பெத்னல் கிரீன் சுரங்க ரயில் நிலையத்தின் படிக்கட்டில் நெரிசலில் 173 பேர் இறந்தார்கள். அங்கே குண்டு எதுவும் விழவில்லை. இடத்தின் பெயரை உடனே வெளியிடவில்லை. 1944 செப்டம்பர் 8-ஆம் தேதி முதல் வி-2 ராக்கெட் லண்டனில் விழுந்தது. நவம்பர் 10 வரை அரசு அதை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளவில்லை. கேஸ் குழாய் வெடித்தது என்று பேச்சு பரவியது. லண்டன்வாசிகள் அதை நம்பவில்லை, பறக்கும் கேஸ் குழாய் என்றே பேர் வைத்தார்கள். இந்த இரண்டு மாத உள்நாட்டுக் கடிதங்கள் அபூர்வமானவை. சங்கு ஊதாமலே வெடிக்கிறது, வெடித்த பிறகுதான் வருகிற சத்தம் கேட்கிறது என்று மக்கள் தாங்களே கண்டுபிடித்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது அவற்றில் பதிவாகியிருக்கிறது. அதுபோலக் கசப்பும் கடிதத்தில்தான் முழுதாக வரும். நகரத்துப் பிள்ளைகளின் தலையில் பேன் என்று கிராமத்துச் சீமாட்டி எழுதுவாள், அந்தச் சீமாட்டியின் வீட்டில் பிள்ளைக்கு அடுக்களையில்தான் சோறு என்று நகரத்து அம்மா எழுதுவாள். கள்ளச் சந்தை, இடிந்த வீட்டில் திருட்டு, யூதர்கள் மேல் வெறுப்பு, இவையும் இருக்கின்றன. எல்லாரும் ஒற்றுமையாக இருந்தார்கள் என்ற கதை மட்டும் வேண்டும் என்பவர்கள் இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகிறார்கள். தாண்டக் கூடாது.

எது நம் கைக்கு வந்து சேர்ந்தது என்பதையும் யோசிக்க வேண்டும். பட்டாளத்துக்காரன் எழுதியதை வீட்டில் பெட்டியில் பத்திரமாக வைத்தார்கள். வீட்டிலிருந்து போனதை அவன் எங்கே வைப்பான்? மூட்டையில் இடமில்லை, படித்துவிட்டு எரித்தான். ஒரே காதல் ஜோடியில் அவனுடைய நூற்றுக்கணக்கான கடிதமும் அவளுடையது மிகச் சிலவும் மிஞ்சிய சேகரிப்புகள் உண்டு. ஆக, பிரிட்டனில் இருந்த பெண்களின் குரல்தான் அதிகம் தொலைந்தது. அப்படி மிஞ்சிய சில கட்டுகள் மிஞ்சியதற்குக் காரணமே வேறு. பெறுபவர் காணவில்லை என்று அறிவிக்கப்பட்டிருப்பதால் ஒப்படைக்க இயலவில்லை என வருத்தத்துடன் முத்திரை குத்தித் திருப்பி அனுப்பப்பட்டவை அவை. பிரிக்கப்படாமலே வந்த கடிதம். அதற்குள்ளும் தக்காளியும் கோழியும்தான் இருக்கும். போதாததற்கு அரசு காகிதம் சேகரிக்கச் சொன்னபோது பழைய கடிதக் கட்டுகளும் போருக்காகக் கூழாயின.

நினைவுக்குறிப்பைவிடக் கடிதத்தை நான் மேலாக மதிப்பதற்குக் காரணம், கடிதம் எழுதியவருக்கு முடிவு தெரியாது. 1940 ஜூனில் தேவாலய மணிகளை அடிக்கக்கூடாது, எதிரி இறங்கினால் மட்டும் அடிக்க வேண்டும் என்று உத்தரவு. கைகாட்டிப் பலகைகளைப் பிடுங்கிவிட்டார்கள். அந்த மாதக் கடிதத்தில் அடுத்த கோடைக்கு என்ன விதை வாங்கலாம் என்று ஒருவர் கேட்டால், அடுத்த கோடையில் தோட்டம் யாருடையது என்றே தெரியாமல் கேட்கிறார். நாற்பது வருடம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் அந்தத் தெரியாமை காணாமல் போய்விடும்.

நடைமுறையாகச் சொன்னால், லண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் தனியார் ஆவணங்களிலும், சாதாரண மக்களின் நாட்குறிப்புகளைத் திரட்டிய, சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் மாஸ் அப்சர்வேஷன் சேகரிப்பிலும் தொடங்குங்கள். ஒருவரின் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் மூன்று விஷயத்தைக் குறித்து வையுங்கள்: யாருக்கு, எந்தத் தேதி, எந்த வழியாகப் போனது. அந்தத் தேதியில் அந்த ஊரில் என்ன நடந்தது என்று தனியாகத் தேடி எழுதுங்கள். பிறகு படியுங்கள். சேனல் தீவுத் தாள்கள் கிடைத்தால் இரண்டு பக்கத்துத் தேதியையும் பாருங்கள். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் எத்தனை மாதம் என்பதை முதலில் கணக்குப் போட்டுக்கொண்டு, அப்புறம் வார்த்தைகளுக்குப் போங்கள்.